ஏழு மணிப் பாட்டு

ஓடைமேட்டூர் காலனி,
குன்னம் வழி.
20.7.86

அன்புள்ள தம்பி செல்லமுத்துவுக்கு அண்ணன் அய்யம்பெருமாள் எழுதுறது. அரியலூர்ல நீயும் பூமாலையும் ஒரு கொறையும் இல்லாம இருப்பீங்க. இங்கயும் எல்லாரும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் உக்காந்தேன். எழுத வரல.

ஆனி பத்தாம் தேதி உன் அண்ணி வெங்காயக் காட்டுல களை வெட்டிக்கிட்டு இருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. மாட்டு வண்டியில குன்னம் வரைக்கும், அங்கேருந்து பஸ்ல பெரம்பலூர் பெரியாஸ்பத்திரி. பன்னெண்டு நாள் இருந்தோம். வலது கையும் வலது காலும் வரல. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. பேச்சு சுத்தமா இல்ல. கண்ணு மட்டும் நம்ம கூடவே வருது. "வூட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, பிரியமானதைக் காதுல போடுங்க, கொஞ்சம் கொஞ்சமா தெளியலாம்"னு டாக்டரம்மா சொன்னாங்க. மருமவ கலியம்மாள் நல்லாப் பாத்துக்கிறா. மவன் நல்லுசாமி பிரசிடெண்டு காட்டுலதான் இன்னும் வேலை செய்யுறான்.

ஒரு சேதி. ஊருக்குள்ள பஞ்சாயத்து ரேடியோ கம்பத்துல கொழாய் கட்டியிருக்குல்ல, அதுல சாயங்காலம் ஏழு மணிக்கு அரைமணி நேரம் பழைய பாட்டு போடுவாங்க. பெரியவங்களுக்குன்னே உள்ள நேரம். ஒரு பொம்பளை பேசும். "பெரியவங்களே, வேலை முடிஞ்சுதா, சாஞ்சு உக்காருங்க"ன்னுதான் ஆரம்பிக்கும். அந்தக் காலத்து நாடகப் பாட்டு, கூத்துப் பாட்டு எல்லாம் வரும். நம்ம கெழடுங்க எல்லாம் ஓடைப் பாலத்துல உக்காந்து கேக்கும். பிச்சைமுத்துதான் ரேடியோ போடுறவன், உன்கூடப் படிச்சவன். காத்து நம்ம பக்கம் அடிக்கலைன்னா கொழாயைக் கொஞ்சம் தெக்கால திருப்பி வுடுவான்.

உன் அண்ணியை வாசப்படிக்கிட்ட கட்டில் போட்டுப் படுக்க வெச்சிருக்கேன். முந்தாநாள் பாட்டு வரும்போது அவ வாயிலேருந்து "ம்ம்"னு ஒரு சத்தம் வந்துச்சு. பாட்டோடவே வந்துச்சு. கலியம்மாள் அழுதுட்டா. நானும்தான்.

ரயில் வேலை எப்படின்னு எனக்குத் தெரியாதா. லீவு கிடைக்காட்டி பரவால்ல.

உன் அண்ணன்,
அய்யம்பெருமாள்

•

ரயில்வே குவார்ட்டர்ஸ்,
அரியலூர்.
3.8.86

மரியாதைக்குரிய அண்ணனுக்கு வணக்கம். உங்க கடிதம் வந்து பத்து நாளாச்சு. தினமும் எடுத்துப் படிக்கிறேன், பதில் எழுத உக்காந்தா கை ஓடல. அண்ணி உடம்பு இப்ப எப்படி இருக்கு? கஞ்சி இறங்குதா?

அம்மா செத்தப்ப எனக்கு அஞ்சு வயசு. கல்யாணமாகி வந்த மூணாம் மாசமே என்னை இடுப்புல தூக்கினவங்க அண்ணி. அதை நான் மறக்கல அண்ணே. இங்க ஆள் பத்தாததால பாயிண்ட்ஸ்மேன் எல்லாருக்கும் டபுள் டூட்டி. லீவு கேட்டிருக்கேன், பாக்கலாம்.

நீங்க எழுதின பாட்டை நானும் கேக்குறேன். பகல் டூட்டி முடிஞ்சு வந்தா ஏழு மணிக்கு டிரான்சிஸ்டரைப் போட்டுடுவேன். அங்க அண்ணி கேக்குற பாட்டையே இங்க நானும் அதே நிமிஷத்துல கேக்குறேன்னு நெனச்சா மனசுக்கு என்னமோ பண்ணுது. அந்தம்மா நேயர்கள் பேரைப் படிச்சு விருப்பப் பாட்டு போடுறாங்க. அண்ணி பேருக்கு ஒரு கார்டு எழுதிப் போடுறேன். வள்ளி நாடகப் பாட்டு ஒண்ணு நாத்து நடும்போது பாடுவாங்களே, அதைக் கேட்டு எழுதுறேன்.

குன்னம் பஸ் கண்டக்டர்கிட்ட சாத்துக்குடி கொடுத்து விட்டிருக்கேன். பூமாலை உங்க எல்லாரையும் விசாரிச்சா.

தம்பி,
செல்லமுத்து

•

ஓடைமேட்டூர்
29.8.86

அன்புத் தம்பிக்கு. பழம் வந்துச்சு. சாறு புழிஞ்சு கரண்டியில கொடுத்தோம், பாதி உள்ள போச்சு. பூமாலைக்கு நாங்க கேட்டதாச் சொல்லு.

தம்பி, பேர் வந்துச்சுடா! செவ்வாக்கெழமை. "குன்னம் ஓடைமேட்டூரிலிருந்து காத்தாயி அம்மாள் விரும்பிக் கேட்கும் பாடல்"னு அந்தம்மா படிச்சுது. காத்தாயி அம்மாள்! இந்த ஊர்ல அவளை யாரு அம்மாள்னு கூப்பிட்டுருக்காங்க? கொழாயில படிச்சதால ஊரு பூரா கேட்டுச்சு. பாலத்துல இருந்த பாப்பாயி எழுந்து ஓடியாந்து, "ஏ காத்தாயி, ஒன்னயத்தாண்டி, ஒன்னயத்தான்"னு கட்டிலைப் புடிச்சு உலுக்குறா. உன் அண்ணி கண்ணுல தண்ணி. இடது கையால என் கையைப் புடிச்சா பாரு, நறுக்குன்னு. பாட்டு முடியுற வரைக்கும் வுடல.

உன் பேர் வரல. படிக்க நேரம் பத்தலபோல.

மறுநாள் கடைவீதியில, "எந்தக் காத்தாயிடா அது?"ன்னு கேட்டாங்களாம். பிச்சைமுத்து, "அய்யம்பெருமாள் பொண்டாட்டி"ன்னு சொல்லியிருக்கான். கேட்டவங்க பேச்சை வெங்காய வெலைக்கு மாத்திட்டாங்களாம்.

இன்னொண்ணு. பஞ்சாயத்துக்கு டி.வி. பொட்டி வரப்போவுதாம். ரேடியோவை ரிப்பேர் பாக்க முன்னே மாதிரி மேல இருந்து ஆள் வர்றதில்லையாம். டி.வி. வந்தா கொழாயைக் கழட்டிடுவாங்கன்னு பிச்சைமுத்து சொல்றான். நடக்குறப்பப் பாத்துக்கலாம். அவ இப்ப ரெண்டு மூணு தடவை "ம்ம்" சொல்றா. டாக்டரம்மா சொன்னது பலிக்கும்னுதான் தோணுது.

அண்ணன்,
அய்யம்பெருமாள்

•

ஓடைமேட்டூர்
5.11.86

தம்பி செல்லமுத்துவுக்கு. போன கடுதாசிக்குப் பதில் வரல. மழையில எங்கயாச்சும் நனைஞ்சு போயிருக்கும். உனக்கும் பூமாலைக்கும் காச்சல் கீச்சல் இல்லியே? தீவாளிக்கு வருவியோன்னு கலியம்மாள் முறுக்கு சுட்டு வெச்சிருந்தா.

டி.வி. வந்துருச்சு. ஆண்டெனா பனைமர ஒசரம். கொழாயைக் கழட்டி பஞ்சாயத்து ஆபீஸ்ல மூலையில போட்டுட்டாங்க. பழைய ரேடியோ பொட்டிக்கு வால்வு போச்சு, மாத்துறவங்க இல்ல. ஏழு மணிக்கு இப்ப நம்ம பக்கம் தவளைச் சத்தம்தான்.

அந்த நேரம் வந்துட்டா உன் அண்ணி தலையைத் திருப்பிக் கம்பம் இருந்த பக்கம் பாக்குறா. ஏழரை வரைக்கும் பாக்குறா. அப்புறம் கண்ணை மூடிக்கிறா. "ம்ம்" சத்தம் வந்து பதினஞ்சு நாளாச்சு. நான் தெரிஞ்ச பாட்டை எல்லாம் பாடிப் பாத்தேன். எனக்கு எங்க பாட்டு வருது? அவ என்னையப் பாத்த பார்வையில எனக்கே வெக்கமாப் போச்சு.

பாலத்துக்கு யாரும் வர்றதில்ல. ஊரே டி.வி. பாக்குது. நாங்க போவல. எனக்கு முழங்கால் வலி.

அண்ணன்,
அய்யம்பெருமாள்

•

அரியலூர்
16.11.86

மரியாதைக்குரிய அண்ணனுக்கு வணக்கம். முன்னாடியே எழுதாதது என் தப்பு. உங்க முழங்காலுக்குத் தைலம் அனுப்புறேன்.

டி.வி. பாக்கப் போகலைன்னு எழுதியிருக்கீங்க. ஏன் போகல? அது யார் வீட்டு டி.வி.? சர்க்கார் பஞ்சாயத்துக்குக் கொடுத்தது. காலனியும் அந்தப் பஞ்சாயத்துலதானே இருக்கு? ஓட்டுக் கேட்க மட்டும் வர்றாங்கள்ல? நாலு பேர் சேந்து கட்டிலோட அண்ணியைத் தூக்கிட்டுப் போய் முன்வரிசையில வையுங்க. யார் என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம். இங்க ஸ்டேஷன்ல நாங்க எல்லாரும் ஒரே பெஞ்சுல உக்காந்துதான் டீ குடிக்கிறோம். யூனியன் கூட்டத்துல நானே எழுந்து பேசியிருக்கேன். பயந்துகிட்டே இருந்தா எப்படிண்ணே?

இல்லைன்னா எழுதுங்க. நான் மேல எழுதுறேன்.

தம்பி,
செல்லமுத்து

•

ஓடைமேட்டூர்
30.11.86

தம்பிக்கு அண்ணன் ஆசீர்வாதம். தைலம் வந்துச்சு, நல்லா கேக்குது.

நீ சொன்னியேன்னு போன சனிக்கெழமை நானும் பாப்பாயியும் இன்னும் நாலு பேரும் போய்ப் பாத்தோம். படம் நல்லாத்தான் தெரியுது. உள்ள கூட்டம். நாங்க வெளியில ஜன்னல்கிட்ட நின்னு பாத்தோம். கொஞ்ச நேரத்துல வந்துட்டோம். இப்பப் பனி ஆரம்பிச்சுட்டதால ஜன்னலைச் சாத்தி வெக்கிறாங்க. வேற ஒண்ணும் இல்ல.

நீ மேல எல்லாம் எழுத வேணாம். சொல்றதைக் கேளு. டி.வி.யில அந்தப் பாட்டு வர்றதும் இல்ல, உன் அண்ணிக்குப் பொட்டியைப் பாக்கவும் தெம்பு இல்ல. சத்தம்தான் அவளுக்கு வேணும். சத்தம்னா அதுபாட்டுக்கு வந்துரும். தெரு பாக்காது.

முதுகுல லேசாப் புண்ணு வந்துருக்கு. கலியம்மாள் பொரட்டிப் பொரட்டிப் படுக்க வெக்கிறா. மத்தபடி சுகம்தான்.

அண்ணன்,
அய்யம்பெருமாள்

•

அரியலூர்
21.12.86

மரியாதைக்குரிய அண்ணனுக்கு. அண்ணிக்குப் புண் ஆறிடுச்சா? பூமாலை தினமும் கேக்குறா.

நீங்க வேணாம்னு எழுதின கடிதம் வர்றதுக்கு முந்தின நாளே மனுவை அனுப்பிட்டேன். திருச்சி கலெக்டர் ஆபீசுக்குப் பதிவுத் தபால்ல போட்டேன். காலனி மக்கள் டி.வி. பாக்க உள்ள விடப்படலைன்னும், பழைய ரேடியோவையாவது திரும்ப வைக்கணும்னும் எழுதியிருக்கேன். என் பேர், வேலை எல்லாம் போட்டிருக்கேன். பயப்படாதீங்க. நல்லது நடக்கும்.

அண்ணிக்கு ஒரு புது டிரான்சிஸ்டர் வாங்கி வெச்சிருக்கேன். சின்னதுதான், ஆனா கணீர்னு கேக்கும். பொங்கலுக்கு நானே எடுத்துட்டு வந்து அண்ணி தலைமாட்டுல வெச்சுப் போட்டுக் காட்டுறேன். அதுவரைக்கும் தைரியமா இருக்கச் சொல்லுங்க.

தம்பி,
செல்லமுத்து

•

அரியலூர்
26.1.87

அண்ணனுக்கு வணக்கம். ஒரு மாசமா உங்ககிட்டேருந்து ஒரு வரி இல்ல. என்ன ஆச்சு? அண்ணி எப்படி இருக்காங்க? நல்லுசாமியையாவது ரெண்டு வரி எழுதச் சொல்லுங்க.

பொங்கலுக்கு வர முடியல. கடைசி நேரத்துல லீவு கேன்சல். டிரான்சிஸ்டரைத் துணியில சுத்திக் கண்டக்டர்கிட்ட கொடுத்திருக்கேன். புது பேட்டரி உள்ளயே இருக்கு. ஸ்டேஷன் முள்ளையும் சரியா நிறுத்தி வெச்சிருக்கேன். திருப்பினா போதும்.

மனு பத்தி ஏதாவது தகவல் உண்டா?

தம்பி,
செல்லமுத்து

•

ஓடைமேட்டூர்
6.2.87

செல்லமுத்துவுக்கு, கூடப் படிச்ச பிச்சைமுத்து எழுதுறது. சௌக்கியமா? நான் உனக்கு இதுவரைக்கும் கடுதாசி எழுதினது இல்ல. ஒங்க அண்ணன் எதையும் உனக்கு எழுதியிருக்க மாட்டாருன்னு தெரியும், அதான் எழுதுறேன். நேர்ல அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். எழுதும்போது மரியாதை வருது.

டி.வி. பாக்க ஒங்க அண்ணன் வந்த அன்னைக்கு, காலனி ஆளுங்க உள்ள ஏறக் கூடாதுன்னு வாசல்லயே நிறுத்திட்டாங்க. ஜன்னலுக்கு வெளியில நின்னாங்க. பிரசிடெண்டு, "பனி வருது, சாத்துடா"ன்னாரு. ஐப்பசியே முடிஞ்சு பத்து நாள்கூட ஆகல, என்ன பனி? ஜன்னலைச் சாத்தினது நான்தான். சாத்தும்போது ஒங்க அண்ணன் என்னையப் பாத்து, "கை நசுங்கிடப் போவுது, பாத்து"ன்னாரு.

மார்கழி கடைசியில உன் மனு மேல விசாரிக்க ஒரு அதிகாரி வந்தாரு. பிரசிடெண்டு வூட்டுல காப்பி குடிச்சுக்கிட்டே ஒங்க அண்ணனைக் கூப்பிட்டு விட்டாரு. ஒங்க அண்ணன் வாசல்ல நின்னாரு.

"டி.வி. பாக்க யாராச்சும் தடுத்தாங்களா?"

"இல்லீங்க."

"அப்ப இந்த மனு?"

"தம்பி ஊருல இல்லீங்க. அதுக்கு வெவரம் தெரியாதுங்க."

அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிட்டாங்க. அதோட விட்டாங்களா? மறுநாள் காலையில நல்லுசாமியைக் காட்டுக்குள்ள வுடல. அவனுக்கு மட்டும் இல்ல, காலனியில ஒரு ஆளுக்கும் வெங்காயம் புடுங்க வேலை இல்லைன்னுட்டாங்க. வெளியூர் ஆளை வண்டி வெச்சுக் கூட்டியாந்தாங்க. பொங்கல் முடிஞ்ச கையோட நல்லுசாமியும் கலியம்மாளும் திருவையாறு பக்கம் செங்கல் சூளைக்குப் போயிட்டாங்க. ஒங்க அண்ணன் ஒண்டி ஆளா ஒங்க அண்ணியைத் தூக்கி, தொடச்சு, கஞ்சி ஊத்திக்கிட்டு இருக்காரு. முதுகுப் புண்ணு பெருசாயிருச்சு. கண்ணால பாக்க முடியல.

நீ அனுப்பின ரேடியோவைக் குன்னத்துலேருந்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு மணிக்குத் திருப்பினோம். உரத்தைப் பத்திப் பேசுனாங்க. அப்புறம் விளம்பரம். முள்ளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தோம். கடைசியில வேற ஒருத்தர்கிட்ட கேட்டா, பெரியவங்க அரைமணியைப் பொங்கல்லேருந்து ஞாயித்துக்கெழமை மத்தியானத்துக்கு மாத்திட்டாங்களாம். தினமும் இல்லியாம். ஒங்க அண்ணன் ரேடியோவைக் கையில வெச்சுக்கிட்டு அந்தம்மாகிட்ட, "இன்னைக்கு இல்ல காத்தாயி, நாளைக்கு வரும்"னாரு. அந்தம்மா ரேடியோவைப் பாக்கவே இல்ல.

அரியலூருக்கும் இந்த ஊருக்கும் ஒரு மணி நேர பஸ்ஸுதான் செல்லமுத்து. ஒங்க அப்பா சாவுக்கு வந்தது, ஒம்பது வருஷம் ஆவுது. நான் சொல்லக் கூடாது. ஜன்னலைச் சாத்தினவன் என்னத்தைச் சொல்றது. வந்து பாரு.

இப்படிக்கு,
பிச்சைமுத்து

•

அரியலூர்
11.2.87, புதன்

அண்ணே, நலம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்ல. பிச்சைமுத்து எல்லாத்தையும் எழுதிட்டான். நான் வீரம் பேசினேன், வேலையைப் பறிகொடுத்தது நல்லுசாமி. என்னை மன்னிக்கச் சொல்லுங்க.

பொங்கலப்ப பாட்டை மாத்தினதுமே, திரும்ப வந்துடும்னு நம்பி உங்ககிட்ட சொல்லாம, ரேடியோ ஸ்டேஷனுக்கு ஆறு கார்டு போட்டேன். இங்க வயசான நேயர்கள் முப்பது பேர்கிட்ட கையெழுத்து வாங்கியும் அனுப்பினேன். "தங்கள் கடிதம் கிடைத்தது, நன்றி" அப்படின்னு அச்சடிச்ச கார்டு ஒண்ணு வந்திருக்கு. அவ்வளவுதான்.

லீவு கிடைக்கலைன்னு நான் எழுதினது எல்லாம் பொய்யி. லீவு கேட்கவே இல்ல. வேலையில சேந்த புதுசுல எந்த ஊரு, எந்தத் தெருன்னு நோண்டி நோண்டிக் கேட்டாங்க. ஊர்ல எனக்குன்னு யாரும் இல்ல, எல்லாரும் செத்துட்டாங்கன்னு சொல்லிட்டேன். யாரும் இல்லைன்னா ஊருக்குப் போக வேணாம், யாரும் வரவும் மாட்டாங்க. ஒரு தடவை சொன்னதை அப்புறம் மாத்த முடியல. பத்தொம்பது வருஷம் ஆச்சு. ஒரே பெஞ்சுல டீ குடிக்கிறேன்னு உங்களுக்கு எழுதினேன். அந்த பெஞ்சுல உக்காந்திருக்கிறது நான் இல்ல, நான் சொன்ன பொய்யி. ரேடியோவுக்கு எழுதின கார்டுலயும் என் பேரை நான் போடல. இந்த ரயில்வே ஸ்டேஷன்லயும் அந்தப் பாட்டைக் கேக்குறவங்க இருக்காங்க, அதனாலதான். என்னைத் தூக்கி வளத்தவங்களை உசுரோடவே சாகடிச்சு வெச்சிருக்கேன் அண்ணே.

இனிமே இல்ல. பூமாலை நேத்து, "நீங்க போறீங்களா, நான் போகவா?"ன்னு கேட்டா. சனிக்கிழமை வரைக்கும் மாத்து ஆள் இல்ல. ஞாயித்துக்கிழமை காலையில வேன் எடுத்துட்டு வர்றேன். உங்களையும் அண்ணியையும் இங்கயே கூட்டிட்டு வந்துடுறேன். நடு வீட்டுல கட்டில் போடுறேன். கேக்குறவங்களுக்கு என் அண்ணி, என் அம்மா மாதிரின்னு சொல்லிக்கிறேன். அண்ணிகிட்ட சொல்லுங்க.

செல்லமுத்து

•

அரியலூர்
1.3.87

அண்ணனுக்கு வணக்கம். நல்லுசாமி வந்துட்டானா? ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?

அன்னைக்கு வேன்ல வந்து இறங்கினப்ப நீங்க வாசல்ல தனியா உக்காந்திருந்தீங்க. கட்டில் நிமித்தி வெச்சிருந்தது. "முந்தாநாள் போயிட்டா, நேத்து எடுத்துட்டோம்"னு சொன்னீங்க. எனக்குச் சோறு போட்டீங்க. நானும் சாப்பிட்டேன். அன்னைக்குப் பூரா நீங்க வேற பேசல, நானும் கேட்க முடியல.

இப்பக் கேக்குறேன். எனக்கு ஏண்ணே தந்தி கொடுக்கல? வெள்ளிக்கிழமை பொழுது சாயத் தந்தி கொடுத்திருந்தா சனிக்கிழமை விடியறதுக்குள்ள வந்திருப்பேன். முகத்தையாவது பாத்திருப்பேன். ஒரு பிடி மண்ணாவது போட்டிருப்பேன். அந்த அளவுக்கு நான் வேண்டாதவனாப் போயிட்டேனா? திட்டுங்க, தாங்கிக்கிறேன். இப்படிப் பேசாம இருக்காதீங்க.

தம்பி,
செல்லமுத்து

•

ஓடைமேட்டூர்
20.4.87

அன்புத் தம்பி செல்லமுத்துவுக்கு அண்ணன் எழுதுறது. நீயும் பூமாலையும் சௌக்கியமா இருக்கணும். நான் இருக்கேன். நல்லுசாமி சித்திரை பொறந்து ஒரு நடை வந்துட்டுப் போனான். கலியம்மாளுக்குச் சூளைப் புகையில இருமல். உன் மேல அவங்களுக்குக் கோவம் இல்ல. சித்தப்பா நல்லதுக்குத்தான் செஞ்சாருன்னாங்க.

பதில் எழுத ஒண்ணரை மாசம் ஆச்சு. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன்.

உன் கடுதாசி வெள்ளிக்கெழமை பதினொரு மணிக்கு வந்துச்சு. அவ கட்டில்கிட்ட உக்காந்துதான் படிச்சேன். மொதல்ல எனக்குள்ள படிச்சேன். அப்புறம் அவ காதுக்கிட்ட குனிஞ்சு, "செல்லமுத்து வரான் காத்தாயி, ஞாயித்துக்கெழமை வேன் எடுத்துக்கிட்டு வரான், உன்னைய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறானாம்"னு சொன்னேன். மத்ததைச் சொல்லல. அவளுக்குக் கேட்டுச்சு. நாலு மாசமா வராத சத்தம், "ம்ம்"னு ஒண்ணு வந்துச்சு. அது எனக்குப் போதும்னு வெச்சுக்கிட்டேன். பொழுது சாயறதுக்குள்ள மூச்சு அடங்கிருச்சு.

பிச்சைமுத்து சைக்கிளை எடுத்துக்கிட்டு, "குன்னம் போய்த் தந்தி குடுத்துட்டு வரேன்"னு நின்னான். நான்தான் வேணாம்னேன். தந்தி உன் கைக்கா வரும்? நீ டூட்டியில இருப்ப, ஸ்டேஷனுக்குத்தான் வரும். யாராச்சும் பிரிச்சுப் படிப்பாங்க. "அண்ணி இறந்துவிட்டார்"னு நாலு பேர் முன்னாடி கத்துவாங்க. எந்த அண்ணி, எந்த ஊரு, உனக்குத்தான் யாரும் இல்லியேன்னு கேப்பாங்க. நீ ஞாயித்துக்கெழமை உன் வாயால சொல்லிக்கிறேன்னு எழுதியிருந்த. அதுக்கு முன்ன ஒரு தந்தி போய் உன்னைய நாலு பேர் நடுவுல நிக்க வெச்சுரக் கூடாதுன்னு நெனச்சேன். ரெண்டு நாள் வெச்சுக்கலாம்னாலும் புண்ணு இருந்த ஒடம்பு, வெயிலு வேற. சனிக்கெழமை காலையிலயே எடுத்துட்டோம். அவ்வளவுதான் தம்பி. நீ வேண்டாதவன்னு இல்ல. நான் நெனச்சது சரியா தப்பான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. உன் அண்ணி இருந்தா சொல்லியிருப்பா.

என்னையத் தனியா அங்க வந்துடச் சொல்லிப் பூமாலை எழுதியிருந்தா. அவளுக்கு நல்ல மனசு. இப்ப வேணாம். அங்க நீ என்ன சொல்லி வெச்சிருக்கியோ, அது உன் சௌகரியம். நான் கேக்க மாட்டேன்.

நீ கொடுத்த ரேடியோ இங்கதான் இருக்கு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் வந்த பாட்டை மூணு வாரம் கேட்டேன். அந்தம்மா இல்ல, வேற யாரோ ஒரு சின்னக் கொரலு. நாலாம் வாரம் அதுவும் இல்ல. போயிட்டு வரேன்னு யாரும் சொல்லல.

பாப்பாயியும் இன்னும் அஞ்சாறு பேரும் சாயங்காலம் ஆனா நம்ம வாசலுக்கு வந்துடுறாங்க. ஏழு மணிக்கு ரேடியோவைப் போடச் சொல்றாங்க. போடுவேன். இப்ப அந்த நேரத்துல டில்லியிலேருந்து யாரோ இந்தியில பேசுறாங்க. மூச்சு வுடாம பேசுறாங்க. எங்க ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை வெளங்காது. நேத்து பாப்பாயி, "என்ன சொல்றான் அய்யம்பெருமாளு?"ன்னு கேட்டா. "எனக்கு எங்க தெரியும், நிறுத்திடவா?"ன்னேன்.

"வேணாம், இருக்கட்டும்"னா. "நம்ம வாசல்ல வந்து பேசுறான்ல, பேசிட்டுப் போவட்டும்."

ஏழரை வரைக்கும் கேட்டுட்டு எழுந்து போனாங்க.

அண்ணன்,
அய்யம்பெருமாள்